நாக்கு வேலை

மார்ஜெனாவின் கடையில் எனக்கு நாக்கு வேலை.
சம்பளச் சீட்டில் 'உதவியாளர்' என்றுதான் இருக்கும்.
மாவு அளவாகப் புளித்ததா,
ரோஜாப் பாகில் எலுமிச்சை தூக்கலா,
கொழுப்பு முறுகின வாடை அடிக்கிறதா,
நான் கடித்துச் சொல்ல வேண்டும்.
அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பாள்,
பாஷை தெரியாத ஊரில் வழி கேட்டவள் போல.

அக்டோபர் வரை அவளே கடித்தாள்.
இருபத்தாறு வருடம்.
தோருன் நகரத்தில் பாதிப் பேருடைய
ஞானஸ்நானக் கேக்கை ருசி பார்த்த வாய்.
அப்புறம் வாரத்துக்கு ஓர் ஊசி,
தொப்புளுக்கு இரண்டு விரல் தள்ளி.
அவளுக்குச் சர்க்கரை வியாதி கிடையாது.
வீடியோவில் ஒரு டாக்டர் நான்கு நிமிடம் பார்த்தார்.
சீட்டு வந்துவிட்டது.

"உள்ளே ஒரு ரேடியோ ஓடிக்கொண்டே இருந்தது, போக்னா,
பள்ளிக்கூடம் போன நாளிலிருந்து.
என்ன மீதி இருக்கிறது, யார் பார்க்கிறார்கள், இன்னும் ஒன்றே ஒன்று.
யாரோ அணைத்துவிட்டார்கள்."
சொல்லும்போது அழுதாள்.
சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டேன்.

பதினெட்டு கிலோ.
ஊரார் கேட்டால் நடைப்பயிற்சி என்பாள்,
விஸ்துலா ஆற்றங்கரையில், பனியில், காலை ஐந்துக்கு.
காலை ஐந்துக்கு அவள் என்னோடு மாவு பிசைகிறாள்.
ஒருநாள் விரலில் நிற்காத மோதிரம் மாவில் விழுந்து
நாற்பது பொன்ச்கியைப் பிய்த்துத் தேடினோம்.
பேருக்கேற்ற பொன் நிறம், எல்லாம் பாழ்.
முப்பத்தொன்பதாவதில் கிடைத்தது.
மீதி ஒன்றையும் பிய்த்துப் போட்டாள்.
ஏன் என்று நான் கேட்கவில்லை.

நாக்கு செத்துவிட்டதா என்றால் இல்லை என்கிறாள்.
"ருசி தெரிகிறது. தெரிகிறது, அவ்வளவுதான்.
பழைய காதலனை டிராமில் பார்த்த மாதிரி."

டிராம் ஓட்டுகிறவன் அவள் கொழுந்தன் வால்டெமார்.
பதினோரு வருடமாக வாயைக் கட்டினவன்.
இடது கால் பெருவிரலில் ஒரு புண்,
செப்டம்பரில் வந்தது, பிப்ரவரியிலும் இருக்கிறது.
கொழுத்த வியாழன் அன்று,
தெருமுனை தாண்டி வரிசை நிற்கும் அந்த ஒரு நாளில்,
பின்வாசல் வழியாக வந்து
சர்க்கரை போடாத காபி கேட்டான்.
நான்கு மருந்துக்கடை ஏறி இறங்கியிருக்கிறான்.
ஸ்டாக் இல்லை. ஸ்டாக் இல்லை.
அடுத்த மாதம் பார்க்கலாம்.
நான்காவது கடைப் பெண் குரலைத் தாழ்த்தி,
"கோடை கல்யாணங்கள் வருதில்லையா, சார்,
எல்லாருக்கும் கவுனுக்குள் நுழைய வேண்டியிருக்கிறது" என்றாளாம்.
சொல்லிவிட்டு அவனே சிரித்தான்.
ஷூவை லேசாகத் தளர்த்திக்கொண்டான்.

குளிர்பெட்டியில், வெண்ணெய்க் கட்டிகளுக்குப் பின்னால்,
இரண்டு பெட்டி.
எனக்குத் தெரியும்.
எனக்குத் தெரியும் என்று அவளுக்கும் தெரியும்.
மார்ஜெனா என் முகத்தைப் பார்த்தாள்.
என் வாயில் அப்போது எதுவும் இல்லை.

எண்ணெய்ச் சட்டியை இறக்கி வைத்தாள்,
வெளியே வரிசை கத்தியது.
ஆறு பொன்ச்கி பிடிக்கும் அட்டைப்பெட்டி ஒன்றை மடித்தாள்.
எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கட்டினாள்,
வழக்கமான சிவப்பு நூல், வழக்கமான இரட்டை முடிச்சு.
"அண்ணி, என்னால் இதைச் சாப்பிட முடியாதே."
"வீட்டில் போய்ப் பிரி."
"கனமே இல்லையே."
"போடா, உன் டிராமுக்கு நேரமாச்சு."

சாயங்காலம் வெண்ணெய் எடுக்கப் போனேன்.
பின்னால் ஒரு பெட்டி இருந்தது.
ஒன்றைக் கொடுத்தாள் என்று சொல்லலாம்.
ஒன்றை வைத்துக்கொண்டாள் என்றும் சொல்லலாம்.
அவன் புண்ணுக்கு எத்தனை வாரம் வேண்டும் என்று
எனக்குக் கணக்குத் தெரியாது.

கடை அடைத்து விளக்கை அணைக்கும் முன்
விற்காமல் நசுங்கிக் கிடந்த ஒன்றை எடுத்தாள்.
கடித்தாள்.
இந்தத் தடவை நான் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.
வெகுநேரம் மென்றாள்.

"எலுமிச்சை தூக்கல்" என்றாள்.

காலையில் நான் சரி என்று சொன்ன பாகு.
எண்ணூறு விற்றிருந்தோம்.